5 மி.மீ. பல்லுக்கும் 11 மி.மீ. பல்லுக்கும் ஒரே பிரஷ்: வடிவமைப்பது எப்படி?

அக்கா மகளுக்கு ஏழு வயது. போன வருடம் லீவுக்கு வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டு, "மாமா, கடைசிப் பல்லு குட்டியா இருக்கு, பிரஷ் அது மேல படாமலே போகுது" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் பாதி முளைத்து, பக்கத்துப் பல்லைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நின்றது. பிரஷ் பால் பல்லின் மேல் உட்கார்ந்து பின்பக்க ஈறு வரை பாலம் போட்டுக்கொண்டு போகிறது, பள்ளத்தில் இருக்கும் புதுப் பல்லை முடி தொடவே இல்லை. முந்தின நாள் தின்ற பிஸ்கட் மாவு அதன் பிளவுகளில் அப்படியே இருந்தது.

பிளாஸ்டிக் சாமான்களுக்கு டிசைன் வரைவது என் தொழில் என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை. எட்டு மாதத்தில் ஆறு சாம்பிள் செய்தேன், நாலு குப்பைக்குப் போனது. அந்த நாலிலும் கற்றுக்கொண்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "பல்லின் அளவுக்கு ஏற்ப மாறும் பிரஷ்" என்றதும் எல்லோருக்கும் திருகாணி, ஸ்லைடர், மோட்டார் என்றுதான் புத்தி போகும், எனக்கும் அப்படித்தான் போனது. அதெல்லாம் வேண்டாம். முடியின் நீளம், தடிமன், கற்றைகளுக்கு நடுவே விடும் இடைவெளி, இந்த மூன்றையும் ஒழுங்காகப் பிடித்தால் பிரஷ் தானாகவே பல்லுக்குப் பணிந்து கொடுக்கும்.

1. முதலில் அளவெடுங்கள், அப்புறம் வரையுங்கள்

பல் அளவுகள் ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரிந்த எண்கள்தான், உடற்கூறியல் புத்தகங்களில் இருக்கும். பெரியவர்களின் மேல் நடு முன்பல் சுமார் 8.5 மி.மீ. அகலம். கீழ் நடு முன்பல் வெறும் 5 மி.மீ. சொச்சம். கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப் பல் 11 மி.மீ. வரை வரும். ஆக ஒரே வாய்க்குள்ளேயே ஒன்றுக்கு இரண்டு மடங்கு வித்தியாசம். குழந்தைகளின் பால் பல்லில் மேல் நடு முன்பல் 6.5 மி.மீ., கீழ் நடு முன்பல் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, இரண்டாவது கடைவாய்ப் பல் கிட்டத்தட்ட 10 மி.மீ. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்து நிற்கும் காலம் இருக்கிறதே, வடிவமைப்பவனுக்கு அதுதான் உண்மையான பரீட்சை. பால் பல்லுக்குப் பக்கத்திலேயே மண்வெட்டி மாதிரி ஒரு புது முன்பல், அதற்குப் பக்கத்தில் ஓட்டை, கடைசியில் பாதி முளைத்த கடைவாய்ப் பல்.

அகலத்தை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தினால் என் முதல் சாம்பிள் கதிதான் உங்களுக்கும். பிரஷ்ஷுக்கு அகலத்தைவிட முக்கியம் பக்கத்துப் பற்களுக்கு இடையே இருக்கும் மேடுபள்ளம். பல் மருத்துவரிடம் கேட்டு பிளாஸ்டர் அச்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பல் மருத்துவ மாணவர்கள் பழகுவதற்கு வைத்திருக்கும் தாடை மாடல், பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். அதில் பற்கள் திருகாணியில் நிற்கும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். நான் கடைவாய்ப் பல் ஒன்றைக் கழற்றி அடிப்பக்கத்தை அரத்தால் தேய்த்து, 2.5 மி.மீ. கீழே இறங்கி உட்காரும்படி மாட்டினேன். அக்கா மகளின் வாய் என் மேஜைக்கு வந்துவிட்டது.

வெர்னியர் காலிப்பரை எடுத்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பல்லின் அகலமும் தடிமனும், பக்கத்துப் பல்லோடு உள்ள உயர வித்தியாசம், கீழ் முன்பற்களின் உட்புற வளைவு எவ்வளவு குறுகல் என்பது, மேல் கடைசிப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள இடம். கடைசி இரண்டையும் யாரும் அளப்பதில்லை. ஆனால் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழ் முன்பல்லின் உட்புறம் தேய்த்துப் பாருங்கள், தலையின் அகலம் எவ்வளவு இருக்கலாம் என்பதை அந்த வளைவுதான் முடிவு செய்யும். அதேபோலத் தலையும் முடியும் சேர்ந்து எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதைக் கன்னம் முடிவு செய்யும்.

2. தலையின் அளவு

அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் பழைய பரிந்துரை ஒன்று பாடப்புத்தகங்களில் இன்னமும் இருக்கிறது: முடிப் பரப்பு 1 முதல் 1.25 அங்குலம் நீளம், அதாவது 25 முதல் 32 மி.மீ., அகலம் 8 முதல் 9.5 மி.மீ. என் கணக்குக்கு அந்த நீளம் அதிகம். தலை நீள நீள அது அதிகப் பற்களின் மேல் ஒரே சமயத்தில் உட்காரும், உட்கார்ந்தால் உயரமான பல்தான் எடையைத் தாங்கும், குட்டையானது தப்பித்துவிடும். நாலு கால் ஸ்டூலைக் கரடுமுரடான தரையில் போட்டால் ஒரு கால் எப்போதும் தொங்குமே, அதே கதை.

இரண்டு கடைவாய்ப் பற்களின் நீளத்தை மட்டும் தலைக்குக் கொடுங்கள். பெரியவர்களுக்கு 22 முதல் 24 மி.மீ., கலப்புப் பற்கள் இருக்கும் குழந்தைகளுக்கு 18 முதல் 20. அகலம் பெரியவர்களுக்கு அதிகபட்சம் 9, குழந்தைகளுக்கு 7.5 அல்லது 8.

3. எந்த வழியில் மாற வைக்கப் போகிறீர்கள்?

நான் யோசித்தது நாலு வழி.

திருகினால் தலை விரியும், சுருங்கும் என்பது ஒன்று. வரைபடத்தில் அழகாக இருந்தது, இரண்டாவது சாம்பிள் அதுதான். இரண்டே வாரத்தில் பேஸ்ட்டும் எச்சிலும் ஸ்லைடருக்குள் போய்க் காய்ந்து கறுப்பாகிவிட்டது. அது போகட்டும், தூக்கக் கலக்கத்தில் நிற்கும் மனிதன் முன்பல்லுக்கு ஒரு தடவை, கடைவாய்க்கு ஒரு தடவை என்று திருகிக்கொண்டா இருப்பான்? தள்ளிவிடுங்கள்.

மூன்று பக்கமும் முடி வைத்து, பல்லைக் கவ்விக்கொள்ளும் பிரஷ் ஏற்கெனவே கடைகளில் இருக்கிறது. இன்னொருவர் தேய்த்துவிட வேண்டிய நிலையில் இருக்கும் முதியவர்களுக்கும், கை ஒத்துழைக்காத குழந்தைகளுக்கும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் கீழ் முன்பல்லின் தடிமன் 6 மி.மீ., கடைவாய்ப் பல்லின் தடிமன் 10.5 மி.மீ. என்னும்போது இரண்டையும் கவ்வ வேண்டுமென்றால் பக்கவாட்டு முடிகள் ரொம்ப நெகிழ வேண்டியிருக்கிறது. மெல்லிய முன்பல்லைக் கவ்வும் அளவுக்கு நெருக்கி வைத்தால் கடைவாயில் விரிந்து மடங்கிவிடும்.

தலையை இரண்டு மூன்று துண்டாக்கி நடுவே ரப்பர் போன்ற மென்பிளாஸ்டிக் வைத்து இணைப்பது மூன்றாவது வழி. நாலாவது, முடியை வைத்தே காரியத்தை முடிப்பது. எனக்குக் கடைசியில் வேலை செய்தது நாலாவது பிரதானமாகவும் மூன்றாவது கொஞ்சம் துணையாகவும் இருந்த கலவை.

4. முடி: இங்கேதான் நேரத்தைச் செலவு செய்யுங்கள்

1938-இல் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் முடி வந்த பிறகு பன்றி முடி பிரஷ் படிப்படியாகக் காணாமல் போனது. இன்று பெரும்பாலும் நைலான் 6.12, அல்லது பி.பி.டி. என்கிற பாலியெஸ்டர். மென்மையான பிரஷ் என்று விற்பதில் 0.15 முதல் 0.18 மி.மீ. தடிமன், நடுத்தரத்தில் 0.20, கடினத்தில் 0.25 என்று வைத்துக்கொள்ளலாம். ஈறோரம் 45 டிகிரியில் வைத்துத் தேய்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ், 1940களிலேயே 0.007 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.18 மி.மீ. முடியைத்தான் பரிந்துரைத்தார்.

இப்போது கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். ஒரு முடியின் விறைப்பு அதன் தடிமனை நாலு தடவை பெருக்கிய அளவுக்குக் கூடும், நீளத்தை மூன்று தடவை பெருக்கிய அளவுக்குக் குறையும். 0.15-இலிருந்து 0.18-க்குப் போனால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகிவிடும். நீளத்தை 9 மி.மீ.-இலிருந்து 11.5-க்குக் கூட்டினால் விறைப்பு பாதியாகும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 0.15 தடிமனில் 9 மி.மீ. நீள முடியும், 0.18 தடிமனில் 11.5 மி.மீ. நீள முடியும் கிட்டத்தட்ட ஒரே விறைப்பு! உயரமான பல்லின் மேல் குட்டை முடி உட்காரும், பள்ளத்தில் இருக்கும் பல்லுக்கு நீள முடி 2.5 மி.மீ. கீழே இறங்கும், இரண்டு இடத்திலும் பல்லுக்கு ஒரே மாதிரியான தொடுதல் கிடைக்கும். என் மூன்றாவது சாம்பிளில் எல்லா முடியையும் ஒரே தடிமனில் வைத்து நீளத்தை மட்டும் மாற்றியிருந்தேன். நீளமானது நனைந்த விளக்குமாறு மாதிரி துவண்டுவிட்டது, குட்டையானது மட்டும் தேய்த்தது.

நனைந்த என்று சொன்னது சும்மா இல்லை. நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் இளகும். 6.12 வகை மற்ற நைலான்களைவிடக் குறைவாகக் குடிக்கும், பி.பி.டி. ஏறக்குறைய குடிக்கவே குடிக்காது. அதனால் எந்தச் சோதனையானாலும் பிரஷ்ஷை இருபது நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகு செய்யுங்கள். காய்ந்த பிரஷ்ஷை விரலில் தடவிப் பார்த்து "நல்லா இருக்கே" என்று முடிவெடுத்தால் அந்த முடிவு பாத்ரூமில் செல்லாது.

5. கற்றைகளை எங்கே நடுவது

ஒரு துளை 1.6 மி.மீ. விட்டம் என்று வையுங்கள். 0.15 முடியில் நாற்பது இழையை மடித்துச் செருகினால் எண்பது முனை வெளியே நிற்கும், 0.18 என்றால் சுமார் ஐம்பத்தைந்து முனை. துளைக்குத் துளை மையத்திலிருந்து மையத்துக்கு 2.2 முதல் 2.5 மி.மீ. விடுங்கள். கடைகளில் "இவ்வளவு ஆயிரம் முடி" என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து நெருக்கி நட்டுவிடாதீர்கள். நெருக்கமாக நட்டால் ஒவ்வொரு கற்றையும் பக்கத்துக் கற்றையில் சாய்ந்து நிற்கும், மொத்தத் தலையும் ஒரு கட்டையாகி, தனித்தனியாக இறங்க வேண்டிய முடி ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். கல்யாணப் பந்தியில் முழங்கை இடிக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி, யாருக்கும் கை அசையாது.

நான் வைத்த அமைப்பு இது: தலையின் நுனியில் நீளக் கற்றை மூன்று, கடைசிப் பல்லின் பின்பக்கத்துக்கும் பாதி முளைத்த பல்லுக்கும். பக்கவாட்டு இரண்டு வரிசையில் நீளமும் குட்டையும் மாறி மாறி. நடு வரிசை முழுக்கக் குட்டை. நடுவே குட்டையாக இருப்பதால் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பு அந்தப் பள்ளத்தில் உட்காரும், பக்கத்து நீள முடிகள் இரண்டு பக்கமும் இறங்கும். கிளிப் போட்டவர்களுக்கான பிரஷ்ஷில் நடு வரிசை தாழ்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே யோசனைதான். நீளத்தில் இரண்டு அளவு போதும். நான் நாலு அளவு வைத்துப் பார்த்தேன், பலன் கூடவில்லை, வேலைதான் கூடியது.

6. தலைக்குள் ஒரு மூட்டு

தலையின் முன் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்து, நடுவே ஒரு மென்பிளாஸ்டிக் பட்டை. அது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் ஆடினால் போதும். அதற்கு மேல் ஆடினால் கை கொடுக்கும் அழுத்தம் முழுவதும் மூட்டிலேயே கரைந்துபோகும், பல்லுக்குப் போகாது. குழந்தைகள் பிரஷ்ஷைக் கடிப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மூட்டு பிய்ந்து வாய்க்குள் துண்டு விழுவது மாதிரி எந்த அமைப்பும் கூடாது, ஆகவே கடின பிளாஸ்டிக்கின் ஒரு மெல்லிய முதுகெலும்பு பட்டைக்குள்ளே தொடர்ந்து ஓட வேண்டும்.

7. கையால் ஒரு சாம்பிள்

தலையை 3டி பிரிண்டில் எடுக்கலாம். சாதாரண இழை பிரிண்டரில் 1.6 மி.மீ. துளை பிசிறடித்து வரும், ரெசின் பிரிண்டர் என்றால் பரவாயில்லை. நான் துளையைச் சிறிதாக அச்சிட்டுவிட்டு 1.6 ட்ரில் பிட் போட்டுக் கையால் திருகிச் சுத்தம் செய்தேன். முடிக்கு எங்கும் அலைய வேண்டாம், தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்து இரண்டு மூன்று வகை பிரஷ் வாங்கி, அவற்றிலிருந்து கொறடால் பிடுங்கிக்கொள்ளலாம். நீளம் போதாவிட்டால் மட்டும் இழைச் சுருள் விற்பவரைத் தேடுங்கள்.

நடுவதற்குப் பழைய கையால் கட்டும் பிரஷ் முறை: துளையை முதுகு வரை விட்டுவிட வேண்டும், மெல்லிய செப்புக் கம்பியை முதுகிலிருந்து வளையமாக விட்டு, இழைகளை வளையத்துக்குள் போட்டு, பின்னாலிருந்து சுண்டி இழுத்தால் நடுவில் மடிந்து உள்ளே போய் உட்காரும். பூ கட்டும் கைக்கு இது பத்து நிமிடத்தில் வசப்படும். எனக்கு முதல் தலைக்கு மூன்று மணி நேரம் ஆனது, அம்மா உட்கார்ந்து அரை மணியில் முடித்துக் கொடுத்தார். பிறகு முதுகில் எபாக்சி ஊற்றி மூடிவிடலாம்.

வெட்டிய முனை கத்தி மாதிரி இருக்கும், அது ஈறைக் கிழிக்கும். 600, பிறகு 1000 நம்பர் தண்ணித் தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) முடியைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து முனையை உருண்டையாக்கி, செல்போனில் மேக்ரோ லென்ஸ் போட்டுப் பாருங்கள். இவ்வளவு செய்தாலும் இந்த சாம்பிள் மாடல் தாடைக்கு மட்டும்தான். ரெசினும் எபாக்சியும் யார் வாய்க்குள்ளும் போகக் கூடாது, குழந்தை வாய்க்குள் நிச்சயமாகக் கூடாது.

8. சோதனை

அரிசிக் கஞ்சியைக் கெட்டியாக எடுத்துக் கொஞ்சம் மஞ்சள் தூள் கலந்து, மாடல் பற்களில் மெல்லிசாகப் பூசி, ஃபேனுக்கு அடியில் காயவிடுங்கள். பற்படலத்துக்கு இது அச்சு அசலான மாற்று இல்லை, ஆனால் முடி எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்து அழுத்தம். மாடலைச் சமையலறைத் தராசின் மேல் வைத்துத் தேயுங்கள், முள் 150 முதல் 200 கிராமுக்குள் நிற்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் முதல் தடவை 500 தாண்டுவார்கள், நானும் தாண்டினேன். கழுத்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படி மெலிதாக்கினால் இது தானாகவே குறையும். ஒவ்வொரு பல்லுக்கும் பத்து இழுப்பு என்று எண்ணி வைத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் கடையில் வாங்கிய தட்டையான பிரஷ்ஷாலும் தேய்த்து, இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். படத்தின் மேல் கட்டம் போட்டு மஞ்சள் மிச்சமிருக்கும் கட்டங்களை எண்ணினால் ஏமாற வழியில்லை.

என் ஐந்தாவது சாம்பிளில் இறங்கி நின்ற கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பு, நடுப் பிளவில் ஒரு கோடு தவிர, வெளுத்துவிட்டது. தட்டை பிரஷ்ஷில் அதே பல் முழு மஞ்சளாக நின்றது. ஆனால் கீழ் முன்பற்களின் உட்புறம் இரண்டிலும் ஒரே மாதிரி தோல்வி. தலையின் அகலத்தை 9-இலிருந்து 8 ஆக்கிய பிறகுதான் ஆறாவதில் அது சரியானது. அளவெடுக்கச் சொன்ன இடத்தில் அந்த வளைவைப் பற்றி அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பல்லுக்குப் பல் ஒட்டி நிற்கும் இடுக்கில் மட்டும் எந்தப் பிரஷ் முடியும் போகாது. அதற்கு இடைப்பல் பிரஷ் தனி. அதில் அளவு வித்தியாசத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டு, 0 முதல் 8 வரை எண் போட்டு ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அமைப்பு) தரமே வைத்திருக்கிறார்கள். அதையும் உங்கள் பிரஷ் செய்யும் என்று பெட்டியில் எழுதிவிடாதீர்கள்.

9. தொழிற்சாலைக்குப் போகும் முன்

காப்புரிமை யோசனை இருந்தால் யாருக்கும் காட்டுவதற்கு முன் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். சென்னை கிண்டியில் அலுவலகம் இருக்கிறது, முழு விவரம் கொடுக்கப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. பழைய காப்புரிமைகளைத் தேடாமல் போகாதீர்கள், பல் பிரஷ்ஷில் மனிதன் யோசிக்காத கோணமே இல்லை.

முடி நடுவதில் இரண்டு முறை. சின்ன உலோகத் தகட்டை வைத்து மடித்து அடிப்பது பழையது, மலிவு, ஆனால் துளை ஆழம் வேண்டும், தலை தடிமனாகும். தகடு இல்லாமல் முடியின் அடியை உருக்கிப் பிடிக்கும் முறையில் தலை மெலியும், துளை எந்த வடிவத்திலும் இருக்கலாம், இரண்டு நீளத்தையும் சுலபமாக வைக்கலாம், இயந்திரம்தான் விலை. நம் வேலைக்கு இரண்டாவதே ஏற்றது. கடைவாய் ஓரம் இடம் குறைவு என்பதை முதல் படியிலேயே அளந்துவிட்டோமே. இந்த இயந்திரங்களுக்குப் பேர்போன ஜெர்மன் நிறுவனமான ஜாஹோரன்ஸ்கிக்குக் கோயம்புத்தூரிலேயே ஆலை இருக்கிறது, ஆகவே மோல்டு பற்றிப் பேசத் தெரிந்தவர்களைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

கற்றை பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 20126 சொல்லும் அளவு 15 நியூட்டன். வீட்டில் பார்க்க ஸ்பிரிங் தராசின் கொக்கியில் கற்றையைக் கட்டி ஒன்றரை கிலோ காட்டும் வரை இழுங்கள். தகுந்த ஆய்வகத்தில் முறையாகச் சோதிக்கும் முன் இதில் தேறினாலே பாதி கவலை தீரும்.

கடைசியாகத் தேய்மானம். ஆறாவது சாம்பிளை ஒரு பழைய தையல் மெஷின் மோட்டாரில் கட்டி, மாடல் மேல் மூன்று மாதத்துக்குச் சமமாக ஓடவிட்டேன். நீள முடிகள்தான் முதலில் விரிகின்றன, அதுவும் நுனியில் இருக்கும் அந்த மூன்று கற்றைதான். அவற்றுக்கு மட்டும் பி.பி.டி. போடுவதா, துளையை 1.8 ஆக்குவதா என்று இரண்டையும் வைத்து ஏழாவது தலைகளை வரைந்து வைத்திருக்கிறேன். அக்கா மகளுக்கு அதற்குள் அந்தப் பல் முக்கால்வாசி முளைத்துவிட்டது. இப்போது எதிர்ப்பக்கம் ஒன்று எட்டிப் பார்க்கிறது.